மூட்டைப்பூச்சி ஒழிப்பு: எதை முதலில் செய்வது, எதைக் கடைசியில் செய்வது

மருந்தடித்தேன், வெந்நீர் ஊற்றினேன், மெத்தையை வெயிலில் போட்டேன், இருந்தும் போகவில்லை என்று வருபவர்களிடம் நான் கேட்கும் முதல் கேள்வி, "எதை முதலில் செய்தீர்கள்?" என்பதுதான். அநேகமாக எல்லோரும் சொல்லும் பதில், மருந்து. வாடகைப் போர்ஷன்களையும் ஆண்கள் விடுதி ஒன்றையும் பார்த்துக்கொள்ளும் வேலையில் இதைத் திரும்பத் திரும்பக் கேட்டிருக்கிறேன். மருந்தை முதலில் அடித்தால், சாகாத பூச்சி கட்டிலை விட்டுச் சுவருக்கும் பக்கத்து அறைக்கும் நகர்ந்துவிடும். பத்தடிக்குள் இருந்த தொல்லை வீடு முழுக்கப் பரவும்.

கீழே உள்ள வரிசைக்குக் காரணமான சங்கதிகள் மூன்று. மூட்டைப்பூச்சிக்கு இறக்கை கிடையாது, குதிக்கவும் தெரியாது. நடந்து வரும் அல்லது நாமே தூக்கிக்கொண்டு வருவோம். ரத்தத்தைத் தவிர வேறெதையும் அது தின்னாது, ஆகவே தூங்குகிற ஆளைத் தேடி வந்தே ஆகவேண்டும். முட்டையைப் பசைபோல் இடுக்கில் ஒட்டி வைக்கும். பெரும்பாலான மருந்து முட்டைக்குள் இறங்காது, நம் ஊர்ச் சூட்டில் ஒரு வாரம் பத்து நாளில் அது பொரிந்துவிடும்.

1. தொடங்கும் முன் கையில் இருக்க வேண்டியவை

வேலையைப் பாதியில் நிறுத்திவிட்டுக் கடைக்கு ஓடினால், பிரித்துப் போட்ட கட்டிலிலிருந்து பூச்சி நாலாபக்கமும் நடக்கும். எனவே எல்லாவற்றையும் முதல் நாளே வாங்கி வையுங்கள்.

டார்ச், பழைய ஏடிஎம் அட்டை, அகலமான செல்லோடேப், திருப்புளி, ஸ்பேனர், கனமான பெரிய பாலித்தீன் பைகள், அவற்றின் வாயைக் கட்டக் கயிறு, சோப்புத் தண்ணீர் வாளி, வெந்நீர் போடப் பெரிய பாத்திரம், அயர்ன் பாக்ஸ், சுவர் இடுக்கை அடைக்க வெள்ளை சிமென்ட் அல்லது பட்டி, கட்டில் காலுக்கு நான்கு கிண்ணம். குறுகிய மூக்குள்ள வாக்குவம் கிளீனர் இருந்தால் வேலை பாதியாகும். நீராவிக் கருவி வாடகைக்குக் கிடைத்தால் எடுத்துக்கொள்ளுங்கள், கிடைக்காவிட்டாலும் பாதகமில்லை.

நேரத்தையும் ஒதுக்குங்கள். ஓர் அறைக்கு ஒரு முழுப் பகல் ஆகும். வீட்டில் எல்லா அறையிலும் இருந்தால், ஓர் அறையை முடித்துவிட்டு அடுத்ததற்குப் போங்கள். எல்லா அறையையும் ஒரே நேரத்தில் பிரித்துப் போட்டால், எது சுத்தம் எது சுத்தமில்லை என்பது மாலைக்குள் யாருக்கும் தெரியாது.

2. வந்திருப்பது மூட்டைப்பூச்சிதானா என்று உறுதி செய்யுங்கள்

தோலில் உள்ள தடிப்பை மட்டும் வைத்து முடிவு செய்யாதீர்கள். கொசுக்கடியும் சிரங்கும் அதே மாதிரி அரிக்கும். ஒரே படுக்கையில் படுக்கும் இருவரில் ஒருவருக்குத் தடிப்பு வரும், இன்னொருவருக்கு வரவே வராது. "எனக்கு ஒன்றும் கடிக்கலையே" என்று வீட்டுக்காரர் சொல்வதை நம்பி மாதக்கணக்கில் விட்டுவிட்ட குடும்பங்கள் உண்டு.

தடயம் படுக்கையில் இருக்கும். மெத்தை விளிம்புத் தையலில் பேனா மை தெறித்ததுபோல் கறுப்புப் புள்ளிகள் தெரியும். ஈரத் துணியால் தொட்டால் துருப்பிடித்த நிறத்தில் இழுபடும். அது பூச்சியின் கழிவு. கூடவே வெளிர் மஞ்சளாக உரித்துப் போட்ட தோல், ஒரு மில்லிமீட்டர் அளவில் வெள்ளை முட்டை. வளர்ந்த பூச்சி ஐந்தாறு மில்லிமீட்டர் இருக்கும்; தட்டையாக, செம்பழுப்பாக, ஆறு காலோடு. கிடைத்ததை டேப்பில் ஒட்டி வைத்துக்கொள்ளுங்கள். குதித்தால் அது தெள்ளுப்பூச்சி, எட்டுக் கால் இருந்தால் உண்ணி. இரண்டுக்கும் வைத்தியம் வேறு.

3. படுக்கும் இடத்தை மாற்றாதீர்கள்

நான் பார்த்தவற்றில் அதிகம் நடக்கும் தவறு இதுதான். கண்ணால் பார்த்த அன்றிரவே ஹாலில் பாயை விரித்துவிடுவார்கள். பசியோடு இருக்கும் பூச்சி மூச்சுக்காற்றையும் உடல் சூட்டையும் தேடி நடக்கும். சில நாளில் ஹாலுக்கும் வந்து சேரும். நீங்கள் கொண்டுபோன தலையணையில் ஏற்கெனவே சில போயிருக்கவும் கூடும்.

அறையைப் பூட்டிப் பட்டினி போட்டுக் கொல்லலாம் என்ற யோசனையும் பலிக்காது. வளர்ந்த பூச்சி மாதக்கணக்கில் பட்டினி கிடக்கும். அதே கட்டிலில், அதே இடத்தில் படுங்கள். கட்டிலை எப்படிப் பாதுகாப்பது என்பது ஒன்பதாவது பகுதியில் வருகிறது. கைக்குழந்தை மட்டும் விலக்கு: தொட்டிலையும் அதன் துணியையும் முதலில் சுத்தம் செய்து, குழந்தையை வேறிடத்தில் படுக்க வையுங்கள்.

4. தேடல்: கட்டிலில் தொடங்கி வெளியே போங்கள்

பெரும்பாலான பூச்சிகள் தூங்குகிறவரிடமிருந்து ஐந்தாறு அடிக்குள்தான் இருக்கும். அதனால் கட்டில், தலைமாட்டுச் சுவர், பக்கத்து மேசை, பீரோ, ஜன்னல் என்ற ஒழுங்கில் தேடுங்கள். அட்டை நுழையும் இடுக்கில் பூச்சியும் நுழையும். பழைய ஏடிஎம் அட்டையை அதில் விட்டு மெதுவாக இழுத்தால் உள்ளே இருப்பது வெளியே வரும். வருவதை டேப்பில் ஒட்டுங்கள் அல்லது சோப்புத் தண்ணீரில் போடுங்கள். நசுக்காதீர்கள், சுவரில் படியும் கறை பிறகு புதிய தடயம்போல் தோன்றி உங்களையே குழப்பும்.

நம் வீடுகளில் தேடத் தவறும் இடங்கள்: தினசரி நாட்காட்டியின் அட்டைக்குப் பின்னால், சாமிப் படச் சட்டத்தின் பின்பலகை, கொசுவலையின் நான்கு மூலைத் தையலும் அதைக் கட்டும் நாடாவும், ஒயர் நாற்காலியின் பின்னல், திரைச்சீலையின் மேல்மடிப்பு, கட்டிலுக்கடியில் தள்ளிய டிரங்குப் பெட்டியின் கீல், லேப்டாப் பை. சுவிட்ச் பெட்டியையும் பார்க்க வேண்டும், ஆனால் மெயினை அணைத்துவிட்டு.

கண்ட இடத்தையெல்லாம் ஒரு தாளில் குறித்து வையுங்கள். இரண்டாவது சுற்றில் அந்தத் தாள்தான் வழிகாட்டும்.

5. துணிமணி: முதலில் பை, அப்புறம் சூடு

துணியை அள்ளிக் கையில் வைத்துக்கொண்டு கூடத்தைக் கடந்து குளியலறைக்குப் போனால் வழியெல்லாம் விதைத்துக்கொண்டு போவதாக ஆகும். அறைக்குள்ளேயே பையில் போட்டு, வாயை முறுக்கிக் கட்டி, அதற்கப்புறம் வெளியே எடுங்கள்.

துணியில் பூச்சியைக் கொல்வது தண்ணீரோ சோப்போ அல்ல, சூடு. 48 டிகிரி செல்சியஸ் ஒன்றரை மணி நேரம் நீடித்தால் முட்டையும் சாகும். 55-ஐத் தாண்டினால் சில நிமிடமே போதும். ஹீட்டர் உள்ள வாஷிங் மெஷினில் 60 டிகிரிக்கு வையுங்கள். ஹீட்டர் இல்லாத மெஷின் என்றால், தாங்கக்கூடிய பருத்தித் துணியைக் கொதிநீரில் ஊறவைத்துவிட்டு அலசுங்கள். மற்றவற்றை ஒவ்வொரு தையல் ஓரமும் விடாமல் சூடான அயர்ன் பாக்ஸால் அழுத்துங்கள். இந்த வேலையில் அயர்ன் பாக்ஸ் அளவுக்குக் கைகொடுக்கும் சாமான் இன்னொன்றில்லை, ஆனால் யாரும் அதை நினைப்பதில்லை. அதற்காகத் தெருமுனை இஸ்திரி வண்டிக்கு மூட்டையைக் கட்டி அனுப்பிவிடாதீர்கள். அங்கே பத்து வீட்டுத் துணி ஒன்றன்மேல் ஒன்றாக இருக்கும்.

வெயிலைப் பற்றி ஒரு வார்த்தை. கொடியில் காயப்போடும் துணி அந்தச் சூட்டை எட்டாது. கறுப்புப் பையில் துணியைத் தளர்வாக, மெல்லிய அடுக்காகப் போட்டு, சித்திரை வெயிலில் மொட்டைமாடித் தரையில் நண்பகல் முழுக்க வைத்தால் எட்டலாம். நடுவில் ஒரு தெர்மாமீட்டரை வைத்துப் பார்க்காமல் அதை நம்பாதீர்கள். மழைக்காலத்தில் இந்த வழியை மறந்துவிடுங்கள்.

புத்தகம், பொம்மை, செருப்பு போன்றவற்றைப் பையில் கட்டி, ஃப்ரீசரில் மைனஸ் 18 டிகிரியில் நான்கு நாள் வைக்கலாம்.

சூடு காட்டிய துணி புதிய பைக்குள்தான் போக வேண்டும். பழைய பையைத் திரும்பப் பயன்படுத்துவதும், பீரோவைச் சுத்தம் செய்யும் முன்பே துணியை உள்ளே அடுக்குவதும் செய்த வேலையை வீணாக்கும்.

6. கட்டிலைப் பிரித்து வெந்நீர்

கட்டிலை முழுதாக வைத்துக்கொண்டு மேலோடு துடைப்பதில் பயனில்லை. மரக்கட்டிலில் சட்டமும் காலும் சேரும் பொருத்து, திருகு ஓட்டை, பலகைகளுக்கு நடுவே உள்ள கீற்று ஆகியவைதான் அதன் வீடு. நட்டைக் கழற்றிப் பாகம் பாகமாகப் பிரித்து, கீழே வெள்ளை விரிப்பைப் போட்டு, வாக்குவம் வைத்து உறிஞ்சுங்கள். உறிஞ்சியதை உடனே சோப்புத் தண்ணீரில் கொட்டுங்கள். உள்ளேயே விட்டால் கருவியே அடுத்த கூடாகும்.

பிறகு பாகங்களைக் குளியலறைக்கோ மாடிக்கோ கொண்டுபோய், கொதிக்கக் கொதிக்கத் தண்ணீரை ஒவ்வொரு பொருத்திலும் மெதுவாக ஊற்றுங்கள். நம் பாட்டிமார் செய்ததுதான். வேலை செய்யும், முட்டையையும் கொல்லும். நிபந்தனை ஒன்றே: தண்ணீர் அடுப்பிலிருந்து நேராக வர வேண்டும். வாளியில் ஊற்றி, மாடிப்படி ஏறி, ஆளைக் கூப்பிட்டு ஊற்றும்போது அது குளிக்கிற வெந்நீராக ஆறியிருக்கும். பிளைவுட் கட்டில் வெந்நீரில் உப்பிவிடும். அதற்கு நீராவியோ அயர்ன் பாக்ஸோதான். நீராவி என்றால் மூக்கை ஓரடி நகர்த்த அரை நிமிடமாவது எடுங்கள். வேகமாக ஓட்டினால் பூச்சி பறந்து விழுமே தவிரச் சாகாது.

இரும்புக் கட்டில் வைத்திருப்பவர்கள் "இரும்பில் எங்கே இருக்கப்போகிறது" என்பார்கள். குழாயின் முனையில் இருக்கும் பிளாஸ்டிக் மூடி விழுந்துவிட்டதா என்று பாருங்கள். விடுதிக் கட்டில்களில் நான் கண்ட பெரிய கூடுகள் எல்லாம் அந்தக் குழாய்க்குள்தான். உள்ளே கொதிநீரை ஊற்றி, காய்ந்ததும் முனையை எம்சீல் போட்டு அடையுங்கள். நாடாக் கட்டிலாக இருந்தால் நாடாவைக் கழற்றி வேகவையுங்கள், நைந்திருந்தால் மாற்றிவிடுங்கள்.

மண்ணெண்ணெய், பெட்ரோல், சானிடைசர் எதையும் ஊற்றாதீர்கள். மூட்டைப்பூச்சிக்குப் பயந்து வீட்டைக் கொளுத்திய கதை உண்மையாகிவிடும்.

7. மெத்தை, தலையணை, பாய்

மெத்தையை மாடிக்குத் தூக்கிக்கொண்டு போய் வெயிலில் போடுவதில் இரண்டு கஷ்டம். போகிற வழியில் உதிரும். மேலே சூடு ஏறினால் பூச்சி அடிப்பக்கத்து நிழலுக்குப் போகும், நடுப்பகுதி சூடாவதே இல்லை.

அதற்குப் பதில், இருந்த இடத்திலேயே தையலோரத்தை வாக்குவம் செய்து, அயர்ன் பாக்ஸையோ நீராவியையோ காட்டுங்கள். ஃபோம் மெத்தை உருகாதபடி நடுவே பருத்தித் துணியைப் போட்டுக்கொள்ளுங்கள். பிறகு ஆறு பக்கமும் மூடி ஜிப் போடும் உறை ஒன்றில் மெத்தையை அடைத்துவிடுங்கள். உள்ளே மிஞ்சியது வெளியே வர முடியாமல் சாகும். ஜிப் முடியும் இடத்தில் டேப் ஒட்டுங்கள், அந்தச் சின்ன இடைவெளி போதும் அதற்கு. உறையை ஒரு வருடம் கழற்ற வேண்டாம். விரிப்புப்போல் மேலே மட்டும் மூடும் உறையால் ஒரு பயனும் இல்லை.

பழைய இலவம்பஞ்சு மெத்தை கிழிந்து, உள்ளேயே கூடு கட்டியிருந்தால் அதை விட்டுவிடுவதே நல்லது. பஞ்சை அடித்துத் திருப்பித் தைக்கக் கொடுத்தால் தைக்கும் கடைக்கும் பரவும். எறியும்போது கிழித்துவிட்டு எறியுங்கள். முழுதாகத் தெருவில் வைத்தால் இல்லாதவர் யாராவது எடுத்துக்கொண்டு போவார்கள். அறையிலிருந்து நீங்கள் வெளியே எடுக்கும் முன் பாலித்தீனில் சுற்றுவது கட்டாயம்.

பாயில் படுப்பவர்களுக்கு: கோரைப்பாயின் இரு முனை மடிப்பிலும் வெந்நீர் ஊற்றிக் காயவையுங்கள். பிளாஸ்டிக் பாயின் ஓரத்தில் தைத்த துணிப் பட்டையில்தான் முட்டை சேரும், அதை வெட்டி எடுத்துவிடுங்கள். பகலில் சுருட்டி மூலையில் சாய்க்காமல் கயிற்றில் விரித்துப் போடுங்கள். சுவரிலிருந்து இரண்டடி தள்ளிப் படுங்கள்.

8. சுவரையும் சாமான்களையும் அடைத்தல்

பூச்சி இருக்கும் இடுக்கை அப்படியே அடைக்காதீர்கள். முதலில் வாக்குவம், பிறகு சூடு, அதன்பின் வெள்ளை சிமென்ட். ஜன்னல் சட்டத்துக்கும் சுவருக்கும் இடையே உள்ள விரிசல், ஆணி பிடுங்கிய ஓட்டை, தரையோர டைல்ஸின் மேல்விளிம்பு ஆகியவை முக்கியம். நாட்காட்டியையும் படங்களையும் தலைமாட்டுச் சுவரில் திரும்ப மாட்ட வேண்டாம். மின்சாரப் பெட்டிக்குப் பக்கத்தில் வெந்நீரும் கூடாது, நீராவியும் கூடாது.

9. கட்டிலைத் தீவாக்குங்கள்

இதுவரை செய்ததெல்லாம் கட்டிலைச் சுத்தமாக்க. இனி அது சுத்தமாகவே இருக்க வேண்டும். கட்டிலைச் சுவரிலிருந்து அரையடி தள்ளிப் போடுங்கள். போர்வையும் விரிப்பும் தரையைத் தொடக் கூடாது. கொசுவலையை மெத்தைக்கடியில் செருகிவிடுங்கள், தொங்க விடாதீர்கள். கட்டிலுக்கு அடியில் எதுவும் வைக்காதீர்கள். அதுதான் பலருக்கு முடியாத காரியம், வீடு சின்னது. முடியாவிட்டால் மூடி போட்ட பிளாஸ்டிக் டப்பாவில் வையுங்கள்.

ஒவ்வொரு காலையும் ஒரு கிண்ணத்தில் நிறுத்துங்கள். வெளிநாட்டு வீடியோக்களில் வழவழப்பான வெறும் பிளாஸ்டிக் கிண்ணத்தை வைத்துவிட்டு "ஏற முடியாது" என்பார்கள். குளிர்நாட்டில் அதிகமுள்ள இனத்துக்கு அது சரி. நம் ஊர் போன்ற வெப்பப் பகுதிகளில் பரவியிருப்பது சைமெக்ஸ் ஹெமிப்டெரஸ் என்ற இனம். அதன் காலில் பிடிமானத்துக்கான மயிர்கள் அதிகம் என்பதால் வழவழப்பான சுவரிலும் ஏறிவிடும். ஆகவே கிண்ணத்தில் இரண்டு விரற்கடை சோப்புத் தண்ணீர் ஊற்றுங்கள். சோப்பு கலந்த நீரில் விழுந்தால் மூழ்கும். மரக்கால் ஊறாமலிருக்க, காலை முதலில் ஒரு எவர்சில்வர் டம்ளரில் வைத்து, டம்ளரைக் கிண்ணத்தில் வையுங்கள். இரண்டு மூன்று நாளுக்கொருமுறை தண்ணீரை மாற்ற மறந்தால் மூட்டைப்பூச்சிக்குப் பதில் டெங்குக் கொசுவை வளர்ப்பீர்கள்.

கிண்ணத்தில் விழுபவற்றை எண்ணிக் குறியுங்கள். வாரா வாரம் குறைகிறதா என்பதற்கு இதைவிட நம்பகமான கணக்கு இல்லை.

10. மருந்து, இப்போதுதான்

கடையில் கிடைக்கும் ஸ்பிரேக்களில் பெரும்பாலானவை பைரித்ராய்டு வகை. அதற்குப் பழகிய மூட்டைப்பூச்சிகள் உலகெங்கும் பெருகிவிட்டன, முன்பு டி.டி.டி.க்கும் இப்படித்தான் நடந்தது. நேராகப் பட்டால் சில சாகும், அடித்த இடத்தைக் கடந்து போகிறவற்றில் பல தப்பும். புகைபோல் அறையை நிரப்பும் மருந்து இடுக்குக்குள் போகாது, பூச்சியைக் கலைத்துவிடும் வேலையை மட்டும் செய்யும். கரப்பானுக்கு வைக்கும் ஜெல் வீண். ரத்தம் குடிக்கிற பூச்சி ஜெல்லைத் தின்னாது. வேப்பிலை, கற்பூரம், வசம்பு எல்லாம் கொஞ்சம் விலக வைக்கலாம், கொல்லாது. அந்துருண்டையைக் கைக்குழந்தையின் துணியில் போடவே கூடாது. ஜி6பிடி என்ற நொதி பிறவியிலேயே குறைவாக உள்ள குழந்தைக்கு ரத்தச் சிவப்பணுக்கள் சிதையும்.

வயலுக்கு அடிக்கும் மருந்தை வீட்டுக்குள் கொண்டுவராதீர்கள். நெல் மூட்டைக்கு வைக்கும் அலுமினியம் பாஸ்பைடு மாத்திரை அதைவிட மோசம். காற்றின் ஈரம் பட்டதும் பாஸ்பீன் வாயு வரும். அதற்கு மாற்று மருந்து கிடையாது. படுக்கையறையில் அதை வைத்துவிட்டு உறங்கிய குடும்பங்கள் எழுந்திருக்கவில்லை.

ஆளைக் கூப்பிடுவதாக இருந்தால் நான்கு கேள்வி கேளுங்கள். பூச்சி ஒழிப்பு உரிமம் இருக்கிறதா? அடிக்கப்போகும் மருந்தின் பெயர் என்ன? கட்டிலைப் பிரித்து அடிப்பீர்களா? இரண்டு வாரம் கழித்து மறுபடி வருவீர்களா? கடைசிக் கேள்விக்கு "தேவைப்படாது சார், ஒரே தடவை போதும்" என்று பதில் வந்தால் வேறு ஆளைப் பாருங்கள். முட்டை பொரியும் கணக்கு தெரிந்தவர் அப்படிச் சொல்ல மாட்டார். அடித்த பிறகு லேபிளில் சொன்ன நேரம்வரை அறைக்குள் யாரும் போகக் கூடாது. அன்றே தரையைக் கழுவித் துடைத்துவிடவும் வேண்டாம். அடித்த மருந்து போய்விடும்.

11. இரண்டாவது சுற்று, மூன்றாவது சுற்று

பத்திலிருந்து பதினான்கு நாளுக்குள் தேடல், வாக்குவம், சூடு மூன்றையும் திரும்பச் செய்யுங்கள். முதல் சுற்றில் தப்பிய முட்டைகள் அதற்குள் பொரிந்திருக்கும். அந்தக் குஞ்சுகள் வளர்ந்து முட்டையிட இன்னும் நான்கைந்து வாரம் ஆகும். அந்த இடைவெளியில் பிடித்தால் சங்கிலி அறுபடும். விட்டால் முதல் நாளிலிருந்து தொடங்க வேண்டும். அடுத்த இரண்டு வாரத்தில் இன்னொரு சுற்று.

மூன்று நாள் கடிக்கவில்லை என்று கிண்ணத்தை எடுத்துவிடுபவர்கள் அதிகம். புதிய கறுப்புப் புள்ளியும் இல்லை, கிண்ணமும் காலி, கடியும் இல்லை என்று தொடர்ந்து இரண்டு மாதம் போன பிறகுதான் முடிந்தது என்று சொல்லலாம்.

இரண்டு சுற்றுக்குப் பிறகும் குறையவில்லை என்றால் பக்கத்து வீட்டைப் பாருங்கள். ஒயர் போகும் குழாய் வழியாகவும் பொதுச்சுவர் விரிசல் வழியாகவும் வரும். சொல்லக் கூச்சமாக இருக்கும். "எங்க வீட்ல வந்துருச்சு அக்கா, உங்க பக்கமும் ஒரு தடவ பாத்துருங்க" என்று நம் தலையில் போட்டுக்கொண்டு பேசினால் யாரும் கோபித்துக்கொள்வதில்லை. அழுக்கு வீட்டில்தான் வரும் என்பதும் பொய். ரத்தமும் இடுக்கும் எங்கே இருந்தாலும் வரும்.

12. திரும்ப வராமலிருக்க

வரும் வழிகள் சில மட்டுமே. பழைய சோபா, கட்டில், ஒயர் நாற்காலி வாங்கினால் வாசலிலேயே கவிழ்த்துப் போட்டு அடிப்பக்கத் துணியைக் கிழித்துப் பாருங்கள். வாடகைக்கு வரும் சாமானுக்கும் அதுவே. லாட்ஜில் அறைக்குள் போனதும் பெட்டியைக் கட்டிலில் வைக்காமல் குளியலறைத் தரையில் வைத்துவிட்டு, மெத்தையின் தலைமாட்டு மூலையைத் தூக்கிப் பார்த்த பிறகு சாமானை எடுங்கள். கல்யாண மண்டபத்தில் கொடுக்கும் தலையணைக்கு வீட்டிலிருந்து ஒரு துண்டு எடுத்துப் போனால் போதும் என்று நினைக்காதீர்கள். அந்தத் துண்டுதான் அதை வீட்டுக்குக் கொண்டுவரும். திரும்பியதும் அதைத் தனிப் பையில் கட்டி நேராகக் கொதிநீரில் போடுங்கள்.

விடுதியில் படிக்கும் பிள்ளை பொங்கல் விடுமுறைக்கு வரும்போது பெட்டியை உள்ளே எடுத்து வராமல் வாசலிலோ மாடியிலோ திறக்கச் சொல்லுங்கள். துணி எல்லாம் நேராகச் சூட்டுக்கு, பெட்டியின் உள்தையலுக்கு அயர்ன் பாக்ஸ், புத்தகங்களுக்கு டார்ச். விடுமுறை முடிந்து திரும்பும்போது துணியை மூட்டையாகக் கட்டாமல் வாய் இறுக மூடும் பைகளில் போட்டு அனுப்புங்கள். அங்கே கட்டிலுக்கடியில் வைத்தாலும் உள்ளே எதுவும் ஏறாது.